மரவட்டையின் கடைசி வளையம்

வால் பக்கத்துப் படத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

டார்க் ரூமின் சிவப்பு விளக்கில் தட்டை மெல்ல ஆட்டியபடி ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். மருந்துத் தண்ணீருக்கு அடியில் மரவட்டை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பூச்சி, காகிதத்தில் முழங்கை கனத்துக்குக் கிடந்தது. வார்னிஷ் பூசியதுபோல் மின்னும் அதன் வளையம் ஒவ்வொன்றும் ஒரு குண்டுக் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் ஸ்டுடியோ ஜன்னல், கேமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்து நிற்கும் அவர், அவருக்குப் பின்னால் ஓரமாகக் கிடக்கும் கைவைத்த நாற்காலி, எல்லாம் கடுகளவில் விழுந்திருந்தன. ஏழாவது வளையத்தில் மட்டும் அந்தக் காலி நாற்காலிக்கு மேலே இரண்டு புள்ளிகள். பக்கத்தில் பக்கத்தில்.

தூசி என்றுதான் நினைத்தார். தூசிக்கு அவரிடம் வைத்தியம் உண்டு: அணில் மயிர் பிரஷ், ஒரு துளி மை. கை தானாகவே நீண்டது. வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்து இழுத்துக்கொண்டார்.

ரங்கசாமி மதுரையில் கல்லூரி வாத்தியார். சிறுமலை அடிவாரத்துப் பூச்சி பொட்டுகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார். நேற்று பிஸ்கட் டின்னில் மரவட்டையைக் கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு, வால், நடு, தலை என்று மூன்று படம் கேட்டார்.

"உள்ளது உள்ளபடி வேணும் அண்ணாச்சி. தொழில் பழக்கத்துல இதுக்குப் பவுடர் பூசி, மை தீட்டி மாப்பிள்ளையாக்கிராதீங்க."

"மாப்பிள்ளையா பொண்ணான்னு மொதல்ல சொல்லுங்க சார். அதுக்குத் தக்கன உக்கார வைக்கணும்ல?"

வாத்தியார் சிரித்தார். படம் நன்றாக விழுந்தால் கல்லூரிக்கே அவரைப் படக்காரராக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். நாளை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பானகம் குடித்ததுபோல் இருந்தது. இனிப் பிண வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

சுற்றுப்பட்டு ஊர்களில் உயிரோடு இருக்கும்வரை பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆயுசு குறையுமாம். ஆயுசு முடிந்த பிறகு அந்தக் கவலை இல்லை, ஆள் அனுப்புவார்கள். கேமராவோடு கைவைத்த நாற்காலியையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போவார். பிணத்தை அதில் சாய்த்து, தலை தொங்காமலிருக்க நெற்றியில் துண்டைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டுவார். பிறகு படத்தில் துண்டை மறைத்து, மூடிய இமைமேல் வெள்ளையும் அதன்மேல் கருவிழியும் தீட்டிக் கொடுத்தால், செத்தவர் வீட்டுச் சுவரில் கண் திறந்து உட்கார்ந்திருப்பார். வியாபாரமாகப் பார்த்தால் இதைவிட நல்ல வாடிக்கை கிடையாது. அசைய மாட்டார்கள். மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் முப்பது வருஷம். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிக் குளித்தாலும் இறங்காத ஓர் அலுப்பு தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கடைசியாகப் போனது சின்னாளப்பட்டிக்கு, போன புரட்டாசியில். தறிக்காரர் கண்ணுசாமியின் அக்கா தங்கமுத்து இறந்திருந்தாள். கண்ணுசாமி அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. கண்ணை மட்டும் திறந்துறாதீக."

"கண்ணு இல்லாட்டி படம் எடுபடாதேப்பா."

"மூணு வாட்டி மூடுனோம். மூணு வாட்டியும் திறந்துக்கிட்டா. நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும். மூடுன மட்டுல இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் அந்த வாரம் எட்டுப் பிணம். மத்தியானச் சோற்று மயக்கத்தில் வரிசையாகத் தீட்டிக்கொண்டே போன கை, அவள் கண்ணையும் திறந்துவிட்டது. அவர் கவனித்தபோது மை காய்ந்திருந்தது. வாங்க வந்த கண்ணுசாமி கோபப்படவில்லை. "திறந்துட்டீகளேய்யா" என்று மட்டும் சொன்னார். படத்துக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே படியிறங்கிப் போனார். படம் இன்னும் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

வெளியே ஐப்பசி மழை. ஸ்டுடியோ மாடிக்குக் கீழே, புகையிலை அடுக்கி வைக்கும் கிட்டங்கியிலிருந்து ஈரக் காரம் மேலேறி வந்தது. வால் படத்தை, அது மங்காமல் நிற்க, ஹைப்போ மருந்தில் போட்டுவிட்டு நடுப்பகுதிக் காகிதத்தை மருந்தில் நழுவவிட்டார்.

முதலில் கால்கள் வந்தன, சீப்புப் பற்கள் மாதிரி. பிறகு வளையங்கள். முதல் வளையத்தில் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அடுத்ததில் முன்பக்கம் சாய்ந்து. அடுத்ததில் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு. அதற்கடுத்ததில் எழுந்து.

ஆவுடையப்பன் தட்டை ஆட்டுவதை நிறுத்தினார்.

ஒரே படம். ஒரே வெளிச்சம். காலையில் ஈர மணலில் வைத்து மரவட்டையைக் குளிரவைத்து, அது விறைத்துக் கிடந்த நேரம் பார்த்து லென்ஸ் மூடியைத் திறந்து இருபது எண்ணி மூடியது. அந்த இருபதுக்குள் எல்லா வளையமும் ஒன்றையேதான் பார்த்திருக்க வேண்டும். யாரும் உள்ளே வந்திருக்கவும் முடியாது. யாராவது நடந்தால் பலகைத் தளம் ஆடிப் படம் கலங்கும் என்று காலையிலேயே கதவை உள்பக்கம் பூட்டியிருந்தார். திண்டுக்கல் பூட்டு. சாவி இடுப்பில்.

அப்போதுதான் வாடை வந்தது. டிஞ்சர் போட்டதுபோல் கசந்த, மூக்கை அரிக்கும் வாடை. மரவட்டை பயந்தால் விடும் வாடை. நேற்றுக் கையில் எடுத்தபோதும் இப்படித்தான் நாறியது. இப்போது அதை யாரும் தொடவில்லை. டின் வெளியே, ஸ்டுடியோ மேஜையில் இருக்கிறது.

திரையை விலக்கி வெளியே வந்தார். மழை வெளிச்சம் சாம்பலாகக் கிடந்தது. டின்னில் மரவட்டை நாணயமாகச் சுருண்டிருந்தது. நாற்காலி காலி. அதன் முதுகில் துண்டு முடிச்சுப் போட்டபடி தொங்கியது. அதை அவர் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தார். பிரஷ் போட்டு வைக்கும் தம்ளரில் பிரஷ் இல்லை.

பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுப் படத்தை இழுத்தார். தங்கமுத்து இருந்தாள். புட்டாப் போட்ட சுங்கடிப் புடவை, மடியில் கைகள். முகத்தில் மூடிய இமைகள். அவர் தீட்டிய கண்கள் அங்கே இல்லை. அழித்த தடமும் இல்லை.

ஓடியிருக்கலாம். பூட்டைத் திறந்து, பன்னிரண்டு படி இறங்கினால் தெரு, டீக்கடை, மனிதர்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. தலைப் படம் மட்டும் பாக்கி. அதில்லாமல் வாத்தியார் வந்தால் வேலை போயிற்று. மறுபடி ஜட்கா, துண்டு, ஈ மொய்க்கும் முகங்கள். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம். அலுத்துப்போனவனுக்குப் பயம்கூட ஒரு வேலையாகத்தான் தெரிகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கிறான்.

உள்ளே போனார். திரையை இழுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். காகிதத்தை மருந்தில் விட்டார்.

கொம்புகள் வந்தன. தலை வந்தது. தலையை ஒட்டிய வளையங்கள் வந்தன.

நாற்காலியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

அடுத்ததில், கறுப்புத் துணிக்குப் பின்னால்.

அடுத்ததில், அவள் கை துணிமேல்.

வாடை தொண்டைவரை வந்துவிட்டது. திரைக்கு வெளியே பலகை ஒருமுறை முனகியது. அவர் திரும்பவில்லை.

கடைசி வளையம். தலைக்கு அடுத்தது. எல்லாவற்றிலும் பெரியது.

அதில் கேமரா நின்றது. கறுப்புத் துணிக்குள் யாரோ குனிந்திருந்தார்கள். துணிக்குக் கீழே வேட்டி இல்லை. சுங்கடிப் புடவையின் கரை. பின்னால் நாற்காலியில் ஒரு ஆண் சாய்ந்திருந்தார். நரைத்த தலை. அவருடைய சட்டை. அவருடைய கைக்கடிகாரம். நெற்றியைச் சுற்றித் துண்டு. கண்கள் மூடியிருந்தன.

சிவப்பு விளக்கு அணைந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். கைகளை ஊன்றினார். முக்காலிக்குக் கை கிடையாது. அவர் உள்ளங்கைகளுக்கு அடியில் வழவழவென்று தேய்ந்த தேக்கு மரம் இருந்தது.

முதுகில் சாய்மானம். நெற்றியில் ஈரத்துணி. இறுகியது.

தூரத்தில், வேறு ஏதோ வீட்டில்போல், கதவு தட்டும் சத்தம்.

"அண்ணாச்சி! நாந்தான் ரங்கசாமி. ஆச்சா?"

வாயைத் திறக்க வரவில்லை. விளக்கு அணையவில்லையோ என்று தோன்றியது. அணைந்தது அதுவல்ல. இமைகளைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை.

"அண்ணாச்சி?"

முகத்துக்கு நேரே யாரோ மூச்சில்லாமல் குனிந்தார்கள். தம்ளரின் விளிம்பில் பிரஷைத் தட்டும் சத்தம், ஒருமுறை, இரண்டுமுறை. முப்பது வருஷமாக அவர் தட்டும் அதே தட்டு.

பிறகு, மூடிய இமையின்மேல், பொறுமையாக, தொழில் தெரிந்த கையின் நிதானத்தோடு, சில்லென்று ஈரமான மயிர்முனை வந்து தொட்டது.