ஆல்வாவின் ஆணிக்கட்டைகள்

மைக்கெனின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. நவம்பர் கடைசி என்பதால் ஏரி அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கு எரிந்தது. கதவு வழக்கம்போல் பூட்டியிருக்கவில்லை.

வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். பக்கத்தில் இன்னொரு ஜோடி கம்பளிப் பூட்ஸ் இருந்தது, பத்துப் பதினோரு வயதுக் குழந்தையின் அளவில். சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. மைக்கெனுக்குப் பிள்ளைகள் கிடையாது. அக்கம்பக்கத்துக் குழந்தை ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாடி பெரித். காபி ஆறுது," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

ஐம்பது வருடச் சிநேகிதி. அவள் எழுதும் கொலைக் கதைகளை ஸ்வீடன் முழுக்கப் படிக்கிறார்கள். கதவைக்கூடப் பூட்டாத நமக்கு எதற்கு இத்தனை பிணம் என்று ஒருமுறை கேட்டேன். "பயமே இல்லாதவங்களுக்குத்தான்டி பயம் தேவைப்படுது. நான் விக்கிறேன், நீ வாங்குற," என்று சிரித்தாள். பொய்யில்லை. அவள் அனுப்பும் முதல் பிரதியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பவள் நான். பிணம் யாரோ ஒருத்தருடையது என்கிற தைரியம்.

இந்த முறை பிணம் என் தங்கை.

பெயர்களை மாற்றியிருந்தாள். ஆனால் அதே ஏரி, அதே சமையலறைக் கதவு, அதே கொக்கி. அந்தக் கொக்கியில்தான் எங்கள் வீட்டு ஆணிக்கட்டைகள் தொங்கும். கயிற்றில் கோத்த இரண்டு மரப்பிடிகள், முனையில் ஆணி. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடக்கும்போது பனி உடைந்து உள்ளே விழுந்தால், ஆணியைக் குத்திக் குத்தி இழுத்துத்தான் மேலே ஏற வேண்டும். அது கழுத்தில் இல்லாமல் இங்கே யாரும் பனியில் கால் வைப்பதில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஜோடி. அது சின்னவள் ஆல்வாவுக்கு என்பது அம்மாவின் கட்டளை. பதினாலு வயதில், அக்கரையில் ஒருவனைப் பார்க்க அதை நான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆல்வா வெறும் கழுத்தோடு பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் காலடியில் பனி உடைந்தது.

திரும்பி வந்ததும் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஆல்வாதான் மறந்துவிட்டுப் போனாள் என்று அம்மாவிடம் சொன்னேன். சாகிறவரை அம்மா அதை நம்பினாள்.

மைக்கென் ஒருத்தியிடம்தான் உண்மையைச் சொன்னேன், ஒரு கோடை விருந்தில், நாலாவது மதுக் கோப்பைக்குப் பிறகு. என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

முந்தாநாள் என் மகள் சான்னா போன் செய்தாள். "அம்மா, அந்தக் கதையில வர்ற அக்கா நீயா?" அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எல்லாம் கற்பனை என்று மைக்கென் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் எனக்கு மிஞ்சுவாள். இதற்குள் மைக்கெனே காபிக்குக் கூப்பிட, அதையே சாக்காக வைத்து வந்திருந்தேன்.

மேசையில் மூன்று கோப்பைகள். மூன்றாவதில் பால்.

சான்னாவிடம் சொல்லிவிடுவதாக மைக்கென் உடனே ஒத்துக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் அல்ல அவள்.

"ஒண்ணு கேக்கறேன். ஆல்வா மூணு தடவை கூப்பிட்டா, காதுல விழுந்தும் நான் திரும்பலைன்னு எழுதியிருக்க. அதை நான் உங்கிட்ட சொன்னதே இல்லையே," என்றேன்.

அவள் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னைப் பெர்ரான்னு கூப்பிட்டாங்கறதும் எழுதியிருக்க. அந்தப் பேரு அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"அந்தப் பக்கமெல்லாம் நான் எழுதலடி. காலையில பார்த்தா டைப்ரைட்டர்லயே இருக்கும். ஈரமா."

"அப்புறம் ஏன் அச்சுல போட்ட?"

"நல்லா இருந்துச்சு."

ஏரித் தண்ணீரின் வாடை வந்தது. மட்கிய இலை, பாசி, இரும்பு.

பின்னறையில் மரத்தில் எதுவோ குத்தியது.

கர்க்.

பிறகு, கனமான ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல ஓர் ஓசை.

கர்க்.

மைக்கென் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"அடுத்த புத்தகத்துக்கு முடிவு வரல. அவகிட்ட கேட்டேன். உன்னக் கூட்டிட்டு வந்தா சொல்றேன்னா."

நான் எழுந்தேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் சின்னப் பூட்ஸைக் காணவில்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

பஸ் பிடித்து வீடு வந்தேன். கோட்டைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. சான்னா.

"இப்பதான் வர்றியாம்மா?"

ஆமாம் என்றேன். மைக்கென் உன்னிடம் பேசுவாள், எல்லாம் கட்டுக்கதை என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"அஞ்சு மணிக்கு உன் வீட்டுக்கு போன் பண்ணேன். ஒரு சின்னப் பொண்ணு எடுத்தா. குளிர்ல பல்லு தந்தியடிக்கப் பேசினா. எல்லாத்தையும் சொல்லிட்டா. மூணு தடவை கூப்பிட்டாளேம்மா. ஏன் திரும்பல?"

போனை வைத்துவிட்டாள்.

விளக்கைப் போட்டேன். வாசல் மிதியடியிலிருந்து போன் மேசைவரை, மரத்தரையில் இரண்டிரண்டாக ஆணிக் குழிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர்.

போன் மேசையிலிருந்து அவை வாசலுக்குத் திரும்பவில்லை. என் படுக்கையறைக்குள் போயிருந்தன.