பின்சீட்டுக்கு அடியில் ஒரு வளை

கீழ்வேளூர்ப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைத்த பிறகும், பின்சீட்டுக்கு அடியில் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு. மாலதி திரும்பிப் பார்த்தாள். வண்டிக்குள் சூட்டைத் தணிக்கச் சுற்றும் விசிறியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே அந்த நாற்றமும் வந்தது: நனைந்த வைக்கோல், எலி மூத்திரம், அதற்கும் அடியில் தித்திப்பாக ஏதோ அழுகுவது. எச்சில் விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது. மகள் பூமிகா ஓடி வந்து பின்கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சிங்கப்பூரில் இருக்கும் கணவன் வெற்றிச்செல்வன் சொல்லி வாங்கிய பழைய ஹைபிரிட் கார் அது. சத்தமே போடாது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவள் அன்றே சொன்னாள், யார் கேட்டார்கள்? வாங்கிய புதிதில் மெக்கானிக் தமிழரசன், பின்சீட்டின் அடிப்பக்கத்தில் இருந்த சல்லடை ஜன்னலைத் தொட்டுக் காட்டினான்.

"பெட்ரோல் வண்டியில ஒரே பேட்டரிதான்க்கா, ஸ்டார்ட் பண்ண, லைட் எரிய. இதுல ரெண்டு. சின்னது வண்டியை எழுப்பும். சீட்டுக்கு அடியில இருக்கிற பெருசு சக்கரத்தையே ஓட்டும். நீங்க பிரேக் போடப் போட அதுல சார்ஜ் ஏறும், சூடும் ஏறும். இது வழியாத்தான் அதுக்குக் காத்து. இதை மட்டும் அடைச்சுடாதீங்க."

தலையாட்டினாள். தை மாதம் அறுப்பு மெஷின் வயலில் இறங்கியதும் எலிகள் கூட்டமாக வெளியேறி, கார் நின்ற கொட்டகைக்குள் புகுந்தன. சல்லடையைக் கடித்து ஓட்டை போட்டன. அதன் வாயில் நெல்மணியும் பிசுபிசுத்த மயிரும் ஒட்டிக் கிடந்தன. வரப்பில் எலி வளையைக் கண்டால் அவள் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. வாயை அடைத்தால் உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். நேற்று அதையேதான் செய்தாள். பழைய வேட்டித் துணியைக் களிமண்ணில் புரட்டி, ஓட்டை முழுக்கத் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளிருந்து ஏதோ மெத்தென்று திருப்பி அழுத்தியது. எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை.

பூமிகாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்குப் பிரேக், ஆட்டுக்குப் பிரேக், எதிரே வந்த டிராக்டருக்குப் பிரேக் என்று ஊர்ந்து போனாள். ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில் ஓர் அம்பு ஓடிப் பேட்டரிக்குள் நுழைந்தது. ஒவ்வொரு அம்புக்கும் நாற்றம் ஒரு பிடி கூடியது, வெந்த தோலின் வாடையோடு. என்ஜின் ஓடாத அமைதியில் கொறிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, சீட்டு சுடுது," என்றாள் பூமிகா. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தாள். பாதித் தூக்கம்.

அப்போதுதான் தமிழரசன் சொன்னது மாலதிக்கு உறைத்தது. பிள்ளைக்கு அடியில் பேட்டரி மூச்சில்லாமல் வெந்துகொண்டிருந்தது, அடைத்தது தன் கை. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தலையைத் தடவாதம்மா. கை ஈரமா இருக்கு."

மாலதியின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

பிரேக். அணைத்தாள். இருபுறமும் அறுத்த வயல். ஆளில்லை. மூச்சு மட்டும். இழுத்து. நிறுத்தி. விட்டு.

பின்கதவைத் திறந்தாள். பூமிகா ஒருக்களித்துக் கிடந்தாள். ஓட்டையில் துணி இல்லை. வெளியே விழவில்லை. உள்ளே போயிருந்தது. மகளின் ஒற்றைப் பின்னலும்.

பிடித்து இழுத்தாள். பின்னல் கொழகொழத்தது. சூடாக. மறுபடி இழுத்தாள். ஒரு சாண் வந்தது. அதைப் பற்றிக்கொண்டு விரல்களும் வந்தன. எலிக்குஞ்சின் நிறம். நகமில்லை. கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல், கைமாற்றிக் கைமாற்றி, பின்னலை உள்ளே வாங்கின.

"வலிக்குதும்மா. விடு."

மாலதி விடவில்லை. அவையும் விடவில்லை. மகளின் தலை ஓட்டையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது.