அடுப்புப் பக்கத்து பாட்டில்

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் அவள் மூச்சு நின்றது. காய்ச்சல் இல்லை. நினைவும் தப்பவில்லை. முதலில் இமைகள் சரிந்தன, பிறகு நாக்கு குழறியது, கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"விஷம் மாதிரிதான் தெரியுது," என்றார் டாக்டர்.

பதினோரு மணிக்குப் பெண் காவல் ஆய்வாளர் அந்த வீட்டுச் சமையலறையில் நின்றார்.

"இவர்தான் ஏதோ கலந்துட்டார்!" இறந்தவளின் அக்கா, தங்கையின் கணவனை நோக்கிக் கத்தினாள். "கால் ஒடிஞ்சு கெடந்தவள நான் வந்து பாத்துக்கிட்டேன். அடுப்படி முழுக்க ஒழுங்குபண்ணிட்டுப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் இப்படி!"

பஸ் ஓட்டுநரான கணவன் நிமிரவே இல்லை.

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"ரொட்டி மேடம். பூண்டும் புதினாவும் போட்ட எண்ணெய் தொட்டுக்கிட்டு. நான் டியூட்டில இருந்தேன்."

"நீங்க அதைச் சாப்பிட மாட்டீங்களா?"

"எனக்குப் பூண்டு ஆகாது."

"கேட்டீங்களா!" என்றாள் அக்கா.

"அந்த எண்ணெய் எங்கே?"

அவன் ஃப்ரீசரைத் திறந்து துழாவினான். ஐஸ் தட்டு காலியாக இருந்தது. அதன் மூலையில் ஒரு புதினா இலை ஒட்டியிருந்தது.

"அங்க இல்ல, அதோ," என்று அடுப்புப் பக்கம் கை காட்டினாள் அக்கா. இறுக மூடிய பாட்டில்.

மறுநாள் மாலை, பாட்டில் எண்ணெயின் சோதனை முடிவோடு ஆய்வாளர் மறுபடி வந்தார்.

"யாரும் எதையும் கலக்கல. பூண்டுலயும் இலையிலயும் மண்ணோட கிருமி ஒட்டியிருக்கும். காத்துப் படாம எண்ணெய்க்குள்ள, வெளியில வெச்சா அது விஷம் கக்கும். வாசனை மாறாது, ருசியும் மாறாது. அதனாலதான் அவங்க தட்டுல உறைய வெச்சு, அப்பப்ப ஒரு கட்டி எடுத்திருக்காங்க. யாரோ அதை உருக்கி பாட்டில்ல ஊத்திட்டாங்க."

"நான்தான் மேடம்," என்றான் கணவன் அவசரமாக.

"இல்ல. எண்ணெய் எங்கேன்னு கேட்டதும் நீங்க ஃப்ரீசரைத்தான் திறந்தீங்க."

ஆய்வாளர் அதற்கு மேல் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நொண்டிக்கிட்டே ஃப்ரீசர் வரைக்கும் போகணுமேன்னுதான்… 'வெளிய வெச்சா கெட்டுடாதாக்கா'ன்னு கேட்டா. எண்ணெய்ல இருக்கிறது எங்கடி கெடும், பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சேன். நான் சொன்னா அவ அப்படியே நம்புவா."

கணவன் அவளருகே வந்து உட்கார்ந்தான்.

"பேச்சு போறதுக்கு முன்னாடி உங்களத்தான் கேட்டா, அக்கா," என்றான். "அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளான்னு."