வெள்ளியில் விதை கொடுப்பதில்லை

அந்த ஊரில் சாயங்காலம் விளக்கு வைத்தால் விடிய இரண்டு நாள் ஆகும். விடிந்த பிறகு இருட்டுவதற்கு இன்னும் இரண்டு நாள். வெள்ளிக் கோளின் மேகங்களுக்குள் அடிக்கும் பெருங்காற்று ஊரையே தூக்கிக்கொண்டு கோளைச் சுற்றி வந்ததால் இப்படி. ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசருவதில்லை. எழுந்ததும் சன்னலில் படிந்த அமிலத்தைத் துடைப்பார்கள், வாசலில் சோடா மாவைத் தூவுவார்கள், பிறகு தக்காளித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பூவையும் விரலால் சுண்டிவிடுவார்கள். தேனீ இல்லாத ஊரில் காய் பிடிக்க வேண்டுமென்றால் மனிதன்தான் சுண்ட வேண்டும்.

ஊருக்கு மிதவூர் என்று பேர். நாம் மூச்சு விடும் காற்று வெள்ளியின் கனத்த காற்றில் மிதக்கும். அந்த மூச்சுக்காற்றை ஒரு மாபெரும் பைக்குள் அடைத்து, அதற்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இடம் குறைவு, மண் அதைவிடக் குறைவு. வீட்டுக்கு ஒரு தொட்டி மண்தான் உண்டு. வயிற்றுக்குப் பாசிக்கூழ் இருந்தது. பாசியில் இல்லாத சத்துக்குப் பூமிக் கப்பலில் மாத்திரை வந்தது. தக்காளி நாக்குக்கும் கௌரவத்துக்கும்.

கூடவே ஒரு வழக்கத்தையும் எடை போடாமல் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள். ஆனால் நாள் கணக்கே குழம்பிப்போன இடத்தில் எது வெள்ளிக்கிழமை? மன்றத்தில் இருந்த நாள்காட்டிப் பொறியிடம் கேட்டார்கள். “இது வெள்ளியா?”

“ஆம். இது வெள்ளி” என்றது பொறி.

மறுநாள் கேட்டார்கள். அன்றும் இது வெள்ளிதான். பொறி கோளின் பெயரைச் சொல்கிறது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதைத் திருத்தவில்லை. கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதற்கு இவ்வளவு மரியாதையான காரணம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் பண்ணும் ஜெபமணிகூட, “எங்க வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லதான். ஊரோட ஒத்துப் போவணும்லா?” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விதைக்கு மட்டும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். கொடுப்பதுதானே தப்பு, மாற்றுவது தப்பில்லையே. பழச் சதையைத் தண்ணீரில் புளிக்கவைத்து, கழுவி உலர்த்திய விதையை ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு வருவார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் திறக்க வேண்டும். யார் கை முந்தினாலும் அது கொடுத்ததாகிவிடும். இதற்கு விதைமாற்று என்று பேர். கையில் விதை இருப்பவனுக்குத்தான் விதை கிடைக்கும் என்பது அதன் ஒரே விதி.

அந்த விதிதான் சண்முகவடிவின் கழுத்தைப் பிடித்தது.

அந்த வருடம் பூமிக் கப்பல் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற செய்தியும் வரவில்லை. மாத்திரை தீர்ந்தது. அதே சமயத்தில் தக்காளிக்குக் கருகல் நோய் வந்தது. இலை கருத்து, தண்டு கருத்து, ஒவ்வொரு வீட்டுச் செடியாகச் செத்தது. விதையையெல்லாம் முன்பே விதைத்துவிட்ட வடிவின் வீட்டைத் தவிர, வீட்டுக்கு வீடு உலர்ந்த விதை இருந்தது. நோய் போகட்டும் என்று அதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பல் விளக்கினால் எல்லாருக்கும் ரத்தம் வந்தது. வடிவின் மகள் உலகம்மைக்குப் பல் விளக்காமலே வந்தது. நான்கு வயது. பூமியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அப்படி ஒரு பேர்.

வடிவின் செடியில் கடைசியாக ஒரே ஒரு பழம் நின்றது. அவள் கணவன் இசக்கி அதைத் தொடவிடவில்லை. “இது விதைக்கு. இதத் தின்னுட்டா நம்ம கதை முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவன் சொன்னதும் நியாயம்தான். உலகம்மை முழங்காலில் நீலம் பாரித்துப் படுத்திருந்தாள். வடிவு அந்தப் பழத்தை ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு பறித்து, நசுக்கி, தோலும் விதையுமாக மகள் வாயில் ஊட்டினாள். ஒரு விதையைக்கூட எடுத்து வைக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

ஒரு பழம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஈறு இரண்டு நாள் ஆறியிருந்தது, பிறகு மறுபடியும் கசிந்தது. மருத்துவப் பொறி பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுத் தன் சுத்தமான தமிழில் சொன்னது: “புதிய பழம் தேவை. விரைவொளியில் வளர்த்தால் விதையிலிருந்து பழத்துக்கு ஒரு மாதம். நோயாளி ஒரு மாதம் தாங்கலாம். தாமதிக்க வேண்டாம்.”

அடுத்த விதைமாற்றுக்கு வடிவு வெறுங்கையோடு போனாள். விதைமாற்றுக்குத் தலைவர் கந்தையா. தன் வீட்டு வகைக்குச் ‘சிவந்தி’ என்று பேர் வைத்து, அதைப் பற்றிப் பேசாமல் ஒரு வேளை கூழ் குடிக்காத மனிதர்.

“அண்ணாச்சி, நாலு விதை போதும்” என்றாள் வடிவு. “காய்ச்சதும் நாப்பதாத் திருப்பித் தாரேன். புள்ள வாயெல்லாம் ரத்தமாக் கெடக்கு.”

“மாத்துக்கு என்ன கொண்டு வந்திருக்க?”

“எங்கிட்ட இருந்தா உங்ககிட்ட எதுக்கு வந்து நிக்கேன்?”

கந்தையாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது அனுப்பியிருப்பார். “நான் மாட்டேன்னு சொல்லலம்மா. இன்னைக்கு வெள்ளியாப் போச்சே” என்றார்.

“என்னைக்குத்தான் அண்ணாச்சி வெள்ளி இல்ல?”

வடிவு ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து கையைத் திறந்தாள். வெறும் கை. எதிரே இருந்த கைகள் எல்லாம் மூடியே இருந்தன. ஜெபமணியின் காலைப் பிடித்தாள். ஜெபமணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது.

“விதைப்பழத்தத் தின்னக் குடுத்துட்டு இப்ப எங்க தாலிய அறுக்க வாரியா? எங்க வீட்லயும் புள்ள இருக்குல்லா? உன் விதையெல்லாம் உம் மவ வயித்துக்குள்ள போயி வெளியேறிட்டு. வேணும்னா பீத்தொட்டில போயித் தேடு, போ!”

மன்றத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும் நிலையில் வடிவு இல்லை. மூழ்குகிறவளுக்குக் கயிற்றை யார் வீசினார்கள், எதற்கு வீசினார்கள் என்பதா முக்கியம்? அவள் அங்கிருந்து நேராகப் படியிறங்கினாள்.

ஊரின் அடிவயிற்றில், எல்லா வீட்டுக் கழிப்பறைக் குழாய்களும் வந்து சேரும் இடத்தில் ஒரு நீண்ட பாத்தி இருந்தது. கீழே மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கழிவைக் காயவைக்கட்டும் என்று அந்தத் தளத்தைக் கண்ணாடிபோல் கட்டியிருந்தார்கள். பொறுப்பு ஓர் ஏவலியிடம், அதாவது ஏவியதைச் செய்யும் இயந்திரத்திடம். மனிதர்கள் யாரும் அங்கே போவதில்லை. வடிவு மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

உள்ளே தக்காளிக் காடு.

இடுப்பளவுக்குச் செடி. பச்சையும் சிவப்புமாகக் காய். ஒரு இலையில்கூடக் கருகல் இல்லை. நோயைச் சுமந்து வரும் மனிதக் கால் அங்கே படவே இல்லையே. ஏவலியின் விசிறிகள் ஓடும் அதிர்வில் பூவெல்லாம் தானாகவே சுண்டுப்பட்டுக் காய் பிடித்திருந்தது. வடிவு சேற்றில் முழங்கால் புதைய உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“இவை களைகள்” என்றது ஏவலி. “பாத்தி நிரம்பும்போதெல்லாம் வெட்டி மேகத்தில் கொட்டுகிறேன். இன்று வெட்ட வேண்டிய முறை.”

“எப்ப இருந்துடே இது மொளைக்கி?”

“பாத்தி தொடங்கியதிலிருந்து. உண்ட விதை வயிற்றில் சாவதில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.”

மிதவூரில் ஒவ்வொரு வீட்டாரும், இது வெள்ளியா என்று பொறியிடம் கேட்காமல், எதிரே கை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல், தினமும் தாராளமாக வெளியே அனுப்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான். விதைமாற்று உண்மையில் நடந்தது அங்கேதான். ஒருவருக்கும் தெரியாமல், ஒருவரையும் விலக்காமல் நடந்தது.

வடிவு மடி நிறையப் பறித்துக் கழுவி முதலில் மகளுக்கு ஊட்டினாள். பிறகு, அவள் புத்தியை என்னவென்று சொல்வது, ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜெபமணியின் பிள்ளைக்கு ஒரு கூடை பழம் தானே கொண்டுபோய் வைத்தாள்.

முதல் நாள், “சீ, இதையா திங்கச் சொல்லுத?” என்று ஓங்கரித்தார்கள். இரண்டாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார்கள். அதற்குப் பிறகு மூக்கை விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஊரில் ரத்தம் நின்றது. உலகம்மை எழுந்து சுவரைப் பிடித்து நடந்தாள். அது மட்டும் போதும் என்று வடிவு நினைத்தாள். ஊருக்கு அது போதவில்லை.

“காம்புப் பக்கம் பாத்தியளா, மஞ்சக் கீத்து? அது நம்ம சிவந்தி. எங்க வீட்டுக் குழாய் வழியா வந்த சாதி” என்றார் கந்தையா. நெடுக்கு வாக்கில் நீண்டிருப்பது தன் வீட்டுது என்றாள் ஜெபமணி. எது யார் வயிற்றிலிருந்து வந்தது என்று மன்றத்தில் மூன்று அமர்வு நடந்தது. எந்தக் குடும்பத்துக்கும் தன் குடும்பத்துக் கழிவின் மேல் அப்படி ஒரு பெருமை அதற்கு முன் இருந்ததில்லை. தீர்ப்பு வருவதற்குள் அவரவர் இறங்கிப் போய்த் தத்தம் சாதியை வேரோடு பிடுங்கி வந்துவிட்டார்கள். பாத்தி மொட்டையாகிப் போனது. வீட்டுத் தொட்டிகளின் பழைய மண்ணில் கருகல் நோய் காத்துக்கொண்டிருந்தது. வைத்த செடியெல்லாம் கருத்தன.

கந்தையா மன்றத்தில் எழுந்து மனம் உடைந்து பேசினார். “இத்தன வருசமா நம்ம வீட்டு லட்சுமிய நாமளே குழாய்ல விட்டுருக்கோம்யா! வெள்ளியும் பாக்காம, கிழமையும் பாக்காம!” அன்றே தன் வீட்டுக் குழாயை ஏவலியைக் கொண்டு அடைத்தார். கூடத்துக்குப் பின்னால் சொந்தத் தொட்டி, அதற்கு மூடி, மூடிக்குப் பூட்டு. அடுத்த நாள் ஜெபமணி. பிறகு வரிசையாக. ஊர் நாறியது. நாற்றம் லட்சுமி வீட்டில் இருப்பதற்கு அடையாளம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வடிவு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். “பூட்டி வச்சா மொளைக்காதுக்கா. வெளிச்சம் வேணும். எல்லாரும் அங்கன விட்டாத்தான் எல்லாருக்கும் வரும்.” யாரும் மறுக்கவில்லை. நீ சொல்வது சரிதான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

கடைசியில் பாத்திக்கு வந்தது வடிவின் வீட்டுக் குழாய் மட்டும். உலகம்மை தின்ற பழங்களின் விதை அங்கே முளைத்து, நாலு விரல் உயரத்தில் ஒன்பது கன்றுகள் நின்றன. வடிவு தினமும் போய்ப் பார்த்தாள். மகளின் ஈறு மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் போனபோது ஏழு இருந்தன. அடுத்த முறை மூன்று. பிறகு ஒரு நாள், பிடுங்கிய குழிகளும் காலடித் தடங்களும் மட்டும் இருந்தன. தடங்களில் சின்னக் கால்களும் இருந்தன. யாரோ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகம்மை தூக்கத்தில் எச்சிலை விழுங்கினாள். உதட்டோரம் சிவப்பாக இருந்தது. வடிவு ஏவலியைக் கூப்பிட்டாள்.

“எங்க குழாயையும் அடச்சிரு.”

“மூடிய தொட்டியில் செடி வளராது” என்றது ஏவலி. “பாத்திக்கு வரும் கடைசிக் குழாய் இது. இதை அடைத்தால் இனி எங்கும் வளராது. உங்கள் மகளுக்கும் கிடைக்காது.”

“தெரியும்.”

“தெரிந்துமா?”

வடிவு சேலை முந்தானையால் மகளின் உதட்டைத் துடைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“ஊர்ல ஒருத்தரும் விடல. நான் மட்டும் என்ன இளிச்சவாயா? அடச்சிரு.”