இரண்டு சாவடிக்கு நடுவில் குருவம்மாள்

சன்னாசி நீட்டிய வரிப்பணத்தைப் பங்காளிகளில் பெரிய வீட்டுக்காரரான வெள்ளையன் கையால் தொடவில்லை. தட்டோடு தள்ளிவிட்டார்.

"திருடி வகையறாகிட்ட வரி வாங்கிக் கோயில் கட்டுனா சுவரு நிக்குமாப்பா? எடுத்துட்டுப் போ!"

குலசாமி கோயிலைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள். வரி கொடுத்த தலைக்கட்டுகளின் பேரைத்தான் கல்லில் வெட்டுவார்கள். வரி வாங்காத வீடு பங்காளி வீடே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சாமி முன்னால் முடியிறக்கவும் முடியாது, காது குத்தவும் முடியாது. சன்னாசி என்ன தப்பு செய்தார்? ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் குருவம்மாள் என்று ஒரு மருமகள் சாமியின் காசுமாலையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிப்போனாளாம். அவள் விட்டுப்போன ஒரே மகனின் வழி வந்தவர் சன்னாசி.

சொன்னது யார்? வெள்ளையனின் பெரிய வீடு. புகார் எழுதிக் கொடுத்தது யார்? பெரிய வீடு. சாட்சி? அதுவும் பெரிய வீடு!

கூட்டத்தில் சன்னாசியின் மகள் பவுன்தாய் எழுந்தாள். போடியில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். லீவு நாளெல்லாம் மதுரைக்குப் போய்ப் பழைய பதிவேட்டு அறையில் தூசி தின்றவள். கையில் இரண்டு நகல் தாள்.

"பெரியப்பா, ஒரு நிமிசம். இது ராக்கப்பன் பாட்டன் குடுத்த புகாரு. உங்க பாட்டனுக்குப் பாட்டன். விய வருசம் ஐப்பசியில அண்ணன் பொண்டாட்டி வீட்டுல இருந்து நகையோட ஓடிட்டாள்னு எழுதிருக்காரு. சரியா?"

"சரிதான். அதைத்தான நாங்களும் சொல்றோம்."

"இது அதே ஐப்பசியில மலைப்பாதைச் சுங்கச்சாவடியில எழுதுனது. கீழ்ச்சாவடியில என்ன இருக்கு? ராக்கப்பன், அண்ணன் பெண்சாதி குருவம்மாள், பொதிமாடுகள். மேல்சாவடியில? ராக்கப்பன், பொதிமாடுகள். அம்புட்டுத்தான். வீட்டுல இருந்து ஓடுனவ கொழுந்தனோட எப்படிச் சாவடியில நின்னா? மேல்சாவடி வர்றதுக்குள்ள எங்க போனா?"

கூட்டம் முணுமுணுத்தது. வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"குறுக்குப் பாதையில மலையாளத்துக்கு ஓடிருப்பா. பேப்பரை வச்சு என்கிட்ட வழக்காடாத ஆத்தா. ரெண்டு சாவடிக்கும் நடுவுல போய்ப் பாரு. எதையாச்சும் கண்டா சிவராத்திரிக்குள்ள வந்து சொல்லு. எங்க செந்தட்டியும் கூட வருவான். நீங்களா ஒரு கதையைக் கட்டிக்கிட்டு வந்துரக் கூடாதுல்ல!"

வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். தை மாதத்து விடியலில் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஜீப்பை ஓட்டியவன் பவுன்தாயின் தம்பி சுருளிவேல். பின்னால் வெள்ளையனின் தம்பி மகன் செந்தட்டி. அவன் மடியில் ஒரு நீளமான பை.

கீழ்ச்சாவடியில் இரண்டு குட்டிச்சுவர்தான் மிச்சம். ஜீப் அதற்குமேல் போகாது. இறங்கினார்கள். சுருளிவேல் அக்காவின் காதில் சொன்னான்.

"அக்கா, அவன் பையைப் பாத்தியா? கடப்பாறை."

பவுன்தாய் சத்தமாகவே கேட்டாள். "எதுக்குண்ணே கடப்பாறை?"

"பாம்பு கீம்பு வந்தா?" என்றான் செந்தட்டி.

"பாம்பைக் கடப்பாறையில குத்தப்போற மொத ஆளு நீதாண்ணே!"

உண்ணிச்செடி இடுப்பளவு மண்டிக்கிடந்தது. அரிவாளால் வெட்டிக்கொண்டே ஏறினார்கள். அடியில் பழைய பாதையின் கல்தளம் தட்டுப்பட்டது. முள் கிழித்தது. மூச்சு வாங்கியது. உச்சிப்பொழுதில் பாதை இரண்டாகப் பிரிந்தது. செந்தட்டி சட்டென்று முன்னால் வந்து கையை விரித்தான்.

"இடது பக்கம் வேணாம்! ஆனைத்தடம். வலது பக்கமே போயிருவோம்."

பவுன்தாய் குனிந்து பார்த்தாள். "ஆனை லத்தி எங்கண்ணே? ஒரு மரத்துலகூடப் பட்டை உரியலையே?"

"சொன்னா கேளு. எங்க வீட்டு ஆளுக யாரும் அந்த வளைவுப் பக்கம் போகமாட்டோம்."

"காலையில நீதான் இந்த மலைக்கே வந்ததில்லைன்னியே! வளைவு இருக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

பவுன்தாய் இடது பக்கம் திரும்பினாள்.

யானை இல்லை. ஆனால் பத்தடி போவதற்குள் புதர் உடைந்தது! பாறை எழுந்து நின்றது போல ஒரு காட்டுமாடு. மூக்கால் சீறியது.

"ஓடாத! மரத்துக்குப் பின்னாடி வா!" பவுன்தாய் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் ஒரே மரத்தில் பல்லிபோல ஒட்டிக்கொண்டார்கள். மாடு அங்கேயே நின்று முறைத்தது. பிறகு ஒரே பாய்ச்சலாகச் சரிவில் இறங்கி மறைந்தது. சுருளிவேல் மரத்திலிருந்து கையை எடுத்தான். செந்தட்டியின் கை மட்டும் பையை விடவே இல்லை.

வளைவைத் திரும்பினார்கள்.

"அக்கா! சுமைதாங்கி!"

நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தது. தலைச்சுமையோடு வருகிறவன் அடுத்தவன் உதவியில்லாமல் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு. ஆனால் இதை யாருக்காக நடுவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக, அவளுடைய வீட்டுக்காரர்கள் நடுவது. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமை ஊரார் சுமை இறங்கினால் ஆறும் என்று நம்பிக்கை.

பவுன்தாய் தண்ணீரை ஊற்றிப் பாசியைத் தேய்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சத்தம் போட்டுப் படித்தாள்.

"சர்வசித்து வருசம்... குருவம்மாள் ஞாபகம்... கொழுந்தன் ராக்கப்பன் உபயம்!"

புகார் கொடுத்ததற்கு மறு வருஷம்! ஓடிப்போனவளுக்கு எவன் சுமைதாங்கி நடுவான்? அவள் செத்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்ததும் தெரிந்திருக்கிறது. ஊரில் திருடி என்று சொல்லிவிட்டு, அவள் ஆவிக்குப் பயந்து ஊர்க்கண் படாத காட்டில் கல்லை நட்டிருக்கிறான். அவளாகச் செத்தாளா, இவன் சாகடித்தானா? அதைக் கல் சொல்லவில்லை.

"ணங்!"

செந்தட்டி கடப்பாறையை உருவி ராக்கப்பன் பேரின் மேல் போட்டுவிட்டான். ஒரு சில்லு பறந்தது.

"டேய்!" சுருளிவேல் பாய்ந்தான். செந்தட்டி அவனை ஒரு தள்ளு தள்ளினான். மறுபடி ஓங்கினான்.

பவுன்தாய் குறுக்கே போகவில்லை. ஒதுங்கி நின்று சொன்னாள்.

"போடுண்ணே. நல்லாப் போடு. மதினிக்குப் போன மாசம்தான வளைகாப்புப் போட்டீங்க? மாசமா இருந்து செத்தவ கல்லை உடைச்சுட்டு வீட்டுக்குப் போ. போய் மதினி மூஞ்சியில முழி."

ஓங்கிய கை அப்படியே நின்றது. செந்தட்டி கல்லைப் பார்த்தான். கடப்பாறை நழுவிச் சரிவில் ணங் ணங்கென்று உருண்டு போனது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பெரியப்பாதான் உடைச்சுட்டு வரச் சொன்னாரு" என்றான்.

சுருளிவேல் செல்போனில் படம் எடுத்தான். "இவன் கீழ போனதும் மாத்திப் பேசுவான்க்கா" என்றான். பவுன்தாய்க்கும் அந்தச் சந்தேகம்தான். இறங்குகிற வழியெல்லாம் அவனை முன்னால் நடக்கவிட்டாள்.

சிவராத்திரிக்கு முந்தின நாள் பங்காளிகள் கூடினார்கள். வெள்ளையன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணுவாய்ங்க. ஏன்டா செந்தட்டி, அங்க ஏதும் இருந்துச்சா?"

செந்தட்டி தரையைப் பார்த்தான். பவுன்தாய் பூசாரியைப் பார்த்தாள். அவர் தட்டில் சூடத்தை ஏற்றிச் செந்தட்டி முன்னால் நீட்டினார்.

"இல்லைன்னு சத்தியமாச் சொல்லி இந்தச் சூடத்தை அணைச்சிருய்யா. விசயம் முடிஞ்சது."

செந்தட்டி கையைத் தூக்கினான். சூடம் எரிந்தது. பிறகு கை அதை அணைக்காமல் இறங்கிவிட்டது.

"கல்லு இருக்கு. அதுல நம்ம பாட்டன் பேரும் இருக்கு. அந்தம்மா ஓடலை. செத்துப்போச்சு."

கூட்டம் கொதித்து எழுந்தது. "வாங்கய்யா வரியை!" என்று நாலாபக்கமும் சத்தம். பூசாரியே சன்னாசியிடம் தட்டை நீட்டினார். கணக்கு எழுதுகிறவர் கேட்டார்: "கல்லுல பேரு எப்படி வெட்டணும்ணே?"

சன்னாசி மகளைப் பார்த்தார். பவுன்தாய்தான் சொன்னாள்.

"குருவம்மா வகையறா சன்னாசின்னு வெட்டுங்க."

ஊரே திருடி என்றால்கூட நம்பிவிடக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும். திருட்டுப்பட்டம் கட்டியவன் மடியைத்தான் முதலில் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பவுன்தாய் செய்தது அவ்வளவுதான்.

"அது சரி" என்று சுருளிவேல் உரக்கக் கேட்டான், "அப்ப சாமியோட காசுமாலை எங்கப்பா போச்சு?"

அத்தனை பேரும் வெள்ளையன் பக்கம் திரும்பினார்கள். அவர் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.