ஈரத் தோல்

காலையில் பலகையாய் விறைத்துக் காய்ந்திருந்த நீர்நாய்த் தோல்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் பாப்பாத்தியின் கையில் ஈரமாய் ஒட்டின. மழை இல்லை. கூரை ஓடும் ஒழுகவில்லை. ஆனாலும் அந்தப் பின்னறையில், உப்பு நெடியையும் படிகாரப் புளிப்பையும் தாண்டிக் கொள்ளிடத்துச் சேற்று வாடை, இப்போதுதான் கரையேறிய உயிரின் வாடை, மெல்ல மெல்ல மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

மதியம் ஆற்றுக்குப் போன புருஷன் குருநாதன் இன்னும் வரவில்லை. அவனோடு சின்னானும் போயிருந்தான்.

சின்னான் அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த நீர்நாய்க் குட்டி. தாயை அடித்த அன்று குருநாதன்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தான். இரக்கத்தில் இல்லை, தொழிலில். பழகிய குட்டியைக் கரையில் கட்டினால் விசிலடிக்கும், இனம் தேடி வரும். மூக்கில் ஒரே அடி. தோலில் ஓட்டை விழுந்தால் அரியலூர் வியாபாரி உதட்டைப் பிதுக்குவான். அதனால் வயிற்றைக் கீறாமல், நனைந்த சட்டையைக் கழற்றுவதுபோல் தலைவழியாக உருவுவார்கள். சட்டம் போட்டுத் தடுத்தார்கள்; விலைதான் ஏறியது. கூட்டம் கூட்டமாய்த் திரிந்தவை அற்றுப்போய், திருமானூர்ப் படுகையில் இப்போது ஒரு தடம்கூட இல்லை.

மதியம் அவன் போகும்போதே கேட்டாள்.

"ஆத்துலதான் ஒண்ணும் இல்லேங்கிறீங்களே, அப்புறம் சின்னான் எதுக்குங்க?"

"கடைசியா ஒருதரம் கூப்புட்டுப் பாக்கறேன். இன்னும் ஒரு தோல் வேணும்னு அந்தாளு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"அவன்மேல மட்டும் கைய வச்சிராதீங்க."

"ஒந்தலைமேல சத்தியம், போதுமா? இதவிட ஒசந்த சரக்கு எங்கிட்ட இல்லடி."

சிரித்துவிட்டாள். புருஷன் சத்தியத்தை மொத்த வியாபாரமாகச் செய்கிறவன் என்று தெரிந்தும், அவள் பங்குக்குத் தந்ததை மட்டும் அசல் என்று நம்பினாள்.

தோல் மாட்டிய கடைசிப் பலகைக்குப் பின்னால் ஒரு சாக்கு. காலையில் அது அங்கே இல்லை.

விலக்கினாள். சின்னத் தோல். இன்னும் சூடு ஆறவில்லை. இடது காதில், சின்னானை எலி கடித்த அதே கிழிசல்.

குருநாதன் கொல்லை வழியாக வந்து இதை ஒளித்துவிட்டு, கை கழுவ ஆற்றுக்குத் திரும்பியிருக்கிறான். அவள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அவள் வீட்டிலேயே.

தோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொல்லையில் விசில்.

பசிக்குச் சின்னான் அடிக்கும் விசில். தப்பில்லை. அதேதான்.

மடியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

மறுபடி விசில். நெருக்கத்தில். ஈரக் கால்கள் சளப்பென்று படியேறின.

தாழ்ப்பாளை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

குருநாதன் நின்றான். அவன் முகம்தான். ஆனால் கன்னம் தொங்கியது. தோளில் மடிப்பு மடிப்பாய்ச் சுருக்கம். விரல் நுனிகள் உள்ளே ஒன்றுமில்லாமல் ஆடின. உடம்பெங்கும் ஒரு கீறல் இல்லை.

வாய் திறந்தது. உள்ளிருந்து விசில்.

"ஏங்க..."

பின்னால் வாய்க்கால் வரப்பு அசைந்தது. இருட்டில் ஒவ்வொன்றாய் எழுந்தன. தோலில்லாமல், செக்கச்செவேலென்று, பின்னங்காலில் நிமிர்ந்து. போட்டுக்கொள்ள இன்னும் எதுவும் கிடைக்காதவை.

எல்லாம் அவளையே பார்த்தன.