முட்டுக் கல்

கல் சூடாக இருந்தது. மூன்று நாளாக விடாத மழை, கொல்லைப் பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியிருக்க, ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்த கல் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி எப்படிச் சுடும் என்று சரவணகுமார் ஒரு கணம் யோசித்தான். பிறகு விட்டுவிட்டான். இரண்டு மாதமாக அவன் எதையும் முழுதாக யோசிப்பதில்லை.

அது பாதியில் நின்றுபோன சிலை. முன்பு இந்த வீட்டில் குடியிருந்த சிற்பி, காது உடைந்துபோனதால் விட்டுவிட்டுப் போனது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் குழந்தை, ஓரடி உயரம். கண் இருக்கவேண்டிய இடம் மழமழவென்று மொட்டையாக இருந்தது. ஆயில் மாற்றும்போது காருக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது வீட்டுக்காரர் முனிசாமி சிரித்தார்.

"கண்ணு தொறக்காத வரிக்கும் அது வெறும் கல்லுதாம்பா. இன்னாத்துக்கு வேணா வச்சிக்கோ."

ஆயில் மாற்றிக்கொடுக்க ஊரில் ஆளில்லாமல் இல்லை. தெருமுனையிலேயே ஏசுதாஸ் அண்ணன் ஒர்க்‌ஷாப். போனால் முதல் கேள்வியே, "இன்னா சரவணா, கொழந்த எப்டி கீது?" என்றுதான் இருக்கும். ஐப்பசியில் பிறந்து, ஒருமுறைகூடக் கண் திறக்காமல் போய்விட்ட பிள்ளையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. அதை வாயால் சொல்வதற்குப் பதில், மூன்று வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானே வண்டிக்கடியில் படுத்துவிடலாம் என்று தோன்றியது. வீரம்தான்.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி வினிதாவிடம், தானே ஆயில் மாற்றப் போவதாகச் சொன்னான். அவள் திரும்பவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் போதும், சண்டை போட்டால்கூடப் போதும் என்றுதான் அவனுக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது. மற்றபடி அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசிகூடச் சரியாக வரவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, ஜாக்கியைச் சுற்றி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். கல்லைச் சாக்கோடு இழுத்துவந்து அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளினான். முகம் அவன் பக்கம் பார்த்து நின்றது. அட்டையை விரித்து மல்லாந்து உள்ளே நுழைந்தபோது, சூடான இன்ஜின் வாடையும் ஈர மணல் வாடையும் கடற்காற்றின் உப்பும் ஒன்றாக மூக்கில் ஏறின. பக்கத்துப் பட்டறையில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உளிச் சத்தம் சட்டென்று நின்று, எங்கோ தகரத்தில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். நட்டு அசையவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு தரம் திருகியதும் கழன்று கையோடு வந்துவிட, கறுத்த ஆயில் கொதிக்கக் கொதிக்கப் பீச்சியடித்தது. ஆயில் பிடிக்க அவன் பேசின் வைத்திருந்த இடமே தப்பு. ஆயில் நேராகக் கல்லின் தலையில் விழுந்து, நெற்றியில் இறங்கி, கன்னம், தோள், முதுகு என்று வழிந்தது. கோயிலில் எண்ணெய்க் காப்பு சாத்துவது மாதிரி. சிரிக்கலாம் என்று நினைத்தான். சிரிப்பும் வரவில்லை.

அப்போது வண்டி முனகியது.

மூன்று நாள் மழையில் ஊறிய மணல். ஜாக்கி சத்தமில்லாமல் உள்ளே புதைந்துகொண்டிருந்தது. சாய்ந்தது. வண்டியின் பாரம் முழுக்கக் கல்லின் முதுகில் இறங்கி நின்றது. அவன் மார்புக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடம். நகரப் பார்த்தான். முடியவில்லை.

"வினிதா!"

மெல்லத் தலையைத் திருப்பினான்.

கல்லின் முகத்தில் வழவழப்பாக இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். ஆயில் வழிந்த தடம்தான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

கோடுகள் பிரிந்தன. உள்ளே ஈரம். வெள்ளை. அதன் நடுவே கறுப்பு. அது அவனைப் பார்த்தது.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

வாசல் கதவு திறந்தது. வெறுங்கால்கள் மணலில் நடந்து வந்து நின்றன. வினிதா குனிந்து, மண்டியிட்டு, வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தாள். அவனை அல்ல.

"முழிச்சுக்கினியாடா கண்ணு?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். பேசிவிட்டாள். அவள் பேசிவிட்டாள்! அவன் நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து கண்ணீர் பொங்கிக் காதோரம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஒரேயடியாக வந்தது.

"வினிதா, வண்டி எறங்குதுடி. முனிசாமியண்ணனக் கூப்புடு. ஓடு!"

"உஷ்ஷ். கத்தாதீங்க. கொழந்த பயந்துக்கும்."

கல்லின் தலை அவன் பக்கமிருந்து அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. அரைக்கும் சத்தம். கழுத்திலிருந்து பொடி உதிர்ந்தது.

"அத நவுத்தாத வினிதா. அது மேலதான் வண்டி நிக்குது."

"நான் தொடவே இல்லீங்க."

தொடவில்லைதான். அவள் இரண்டு கைகளையும் அகல விரித்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. மடியைத் தட்டித் தட்டி, கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாள்.

"வா... வா... அம்மாகிட்ட வா."

மணலில் பதிந்திருந்த கல் கை ஒன்று, எண்ணெய் சொட்ட, மெல்ல மேலே எழும்பி, அவள் இருக்கும் பக்கமாக ஒரு சாண் தள்ளி ஊன்றியது.